தாய்வீடு வரும் பறவைகள்
(ஸ்ரீராம்புரம் வாசகர் வட்டத்தில் பேசியது)



மகள் பிரசவத்துக்குத் தாய்வீடு வருகிறாள். நாம் என்ன செய்வோம்? விரட்டுவோமா? மாட்டோம். இடம் கொடுப்போம். சோறு கொடுப்போம்.

பறவைகளையும் இப்படியே நினைக்கும் ஓர் ஊர் இருக்கிறது. அதன் பெயர் கொக்கரே பெள்ளூர். மண்டியா மாவட்டம், மத்தூர் தாலுகாவில் உள்ளது. மத்தூர் வடையைத் தெரியாதவர் உண்டா? அந்த மத்தூர்தான்! பெங்களூரிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர்.

'கொக்கரே' என்றால் கன்னடத்தில் நாரை. குளிர்காலத்தில் மஞ்சள் மூக்கு நாரைகளும் கூழைக்கடாக்களும் இங்கே வரும். கூழைக்கடா பெரிய பறவை. அதன் அலகின் கீழே பை தொங்கும். அந்தப் பையால் மீனை அள்ளும்.

இவை கூடு கட்டுவது காட்டில் அல்ல. ஊர் நடுவே, வீட்டுப் பக்கத்துப் புளியமரத்தில்! அங்கே முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும். குஞ்சுகள் வளர்ந்ததும், கோடை முடியும்போது பறந்துவிடும்.

இதனால் ஊருக்கு நட்டம் இல்லையா? உண்டு. கூடு உள்ள மரத்தில் புளி உலுக்க முடியாது. எச்சம் கூரைமேல் விழும். மீன் நாற்றம் வீசும். ஆனாலும் ஊரார் விரட்டவில்லை. மரத்தடியில் குழி வெட்டினார்கள். அதில் ஏரி வண்டலைப் போட்டார்கள். எச்சம் அதில் விழுந்து எருவானது. புளி நட்டத்துக்கு வனத்துறை பணம் கொடுத்தது.

1994-இல் ஊர் இளைஞர்கள் ஒரு குழு அமைத்தார்கள். கூட்டிலிருந்து விழும் குஞ்சுகளை எடுத்தார்கள். மீன் கொடுத்து வளர்த்தார்கள். 2007-இல் அரசு இந்த ஊரை மக்கள் பங்கு பெறும் பறவைக் காப்பிடமாக அறிவித்தது.

ஊர் அன்பு மட்டும் போதுமா? போதாது. 2017 கடைசியிலும் 2018-லும் பல கூழைக்கடாக்கள் செத்து விழுந்தன. அவற்றின் வயிற்றில் புழுக்கள் இருந்தன. தின்ற மீன் வழியாக வந்த புழுக்கள். பறவைக்கு வீடு மரத்தில். சாப்பாடு ஏரியில். ஏரி கெட்டால், மரம் இருந்தும் பயன் இல்லை.

நம் பெங்களூரைப் பாருங்கள். மெஜஸ்டிக் பஸ் நிலையம் நமக்குப் பக்கம். அந்த இடத்தில் முன்பு தர்மாம்புதி ஏரி இருந்தது. இன்று பஸ் இருக்கிறது, ஏரி இல்லை. மல்லேஸ்வரம் பக்கம் சாங்கி ஏரி மிஞ்சியிருக்கிறது. 1882-இல் கட்டிய ஏரி அது. அதில் நாமும் குப்பை போட வேண்டாம். போடுகிறவரையும் தடுப்போம்.

குளிர்காலத்தில் ஒரு நாள் பிள்ளைகளோடு கொக்கரே பெள்ளூர் போய் வாருங்கள். காலையிலேயே போங்கள். மெதுவாகப் பேசுங்கள். கல் எறியாதீர்கள். கூட்டமாக மரத்தடியில் நிற்காதீர்கள்.

ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துப் போங்கள். தேதி எழுதுங்கள். எந்த மரம், எத்தனை கூடு என்று எழுதுங்கள். அடுத்த ஆண்டு அதே மரத்தில் மறுபடி எண்ணுங்கள். கூடியதா, குறைந்ததா என்று உங்கள் கையெழுத்தே உங்களுக்குச் சொல்லும்.