தபாலைத் தொடும் கைகள்



608002. இந்த பின்கோடு நமக்கு மறக்குமா? வீட்டுப் பார்சலும் இன்டர்வியூ கடிதமும் ஹாஸ்டலுக்கு வந்தது இந்த எண்ணைப் பார்த்துத்தானே! ஆனால் அவற்றைப் பிரித்து அடுக்கியவர் என்ன தூசியைச் சுவாசித்தார் என்று யோசித்தோமா?

2001 அக்டோபரில், ஆந்த்ராக்ஸ் கிருமித்தூள் வைத்த கடிதங்கள் வாஷிங்டன் பிரென்ட்வுட் அஞ்சல் நிலையம் வழியாகப் போயின. உறை ஒட்டித்தான் இருந்தது. ஆனால் தரம் பிரிக்கும் மெஷின் அழுத்தியதில் தூள் வெளியேறியது. மெஷினைக் கம்ப்ரஸர் காற்றால் ஊதிச் சுத்தம் செய்வது அங்கே வழக்கம். தூள் பறக்க வேறென்ன வேண்டும்? அக்டோபர் 15-இல் கடிதத்தைத் திறந்த செனட்டர் அலுவலகத்தில் உடனே மருந்து கொடுத்தார்கள். அஞ்சல் நிலையமோ 21 வரை ஓடியது. கடிதத்தைத் திறக்காத ஊழியர்கள் 2 பேர் இறந்தார்கள்.

பிறகுதான் ஊதுவதை நிறுத்தி, வடிகட்டியுள்ள வேக்குவம் கிளீனருக்கு மாறினார்கள்.

எஞ்சினியர் தம்பிகளே, மணிக்கு எத்தனை கடிதம் ஓடும் என்று கணக்குப் போடுகிறோம். அதைத் துடைக்கிறவருக்கு என்ன ஆகும்னும் கேளுங்க. மெஷின் வரைபடத்திலேயே அந்தக் கேள்விக்குப் பதில் இருக்கணும்.

மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை: ஊறுகாய் பாட்டிலைப் பார்சல் போட்டால் நல்லா சுத்திப் போடுங்க. உடைந்தால் கிழிவது இன்னொருவர் கை.