பூஜ்யத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்
(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் குடியிருப்பிலிருந்து பிள்ளைகள் மேல்படிப்புக்கு அமெரிக்கா கிளம்புவது இப்போது சகஜமாகிவிட்டது. கட்டணம், கல்விக்கடன் வட்டி, விசா, டாலர் விலை எல்லாவற்றையும் அலசிவிடுகிறோம். "அந்த காலேஜ் பத்திரமான இடமா?" என்ற கேள்விக்கு மட்டும், யாரோ தெரிந்தவர் சொன்ன பதிலோடு திருப்தி அடைகிறோம். ஆனால் அதற்கு எழுத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. அதை எப்படிப் படிப்பது என்று சொல்லத்தான் இன்று வந்தேன்.

1986 ஏப்ரலில், பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள லீஹை பல்கலைக்கழக விடுதியில், ஜீன் கிளெரி என்ற 19 வயது மாணவி தன் அறையிலேயே பாலியல் வன்முறைக்கு ஆளாகிக் கொல்லப்பட்டார். கொன்றவன் அதே பல்கலைக்கழக மாணவன். தானாகப் பூட்டிக்கொள்ளும் விடுதிக் கதவுகள் முட்டுக்கொடுத்துத் திறந்து வைக்கப்பட்டிருந்தன. அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் அந்த வளாகத்தில் 38 வன்முறைக் குற்றங்கள் நடந்திருந்தன என்பது பெற்றோருக்குப் பிறகுதான் தெரிந்தது. அவர்கள் விடாமல் போராடினார்கள். 1990ல் மத்திய அரசு சட்டம் கொண்டுவந்தது. 1998ல் அதற்கு மகளின் பெயரே வைக்கப்பட்டது. அதுதான் கிளெரி சட்டம்.

மாணவர்களுக்கான மத்திய அரசின் நிதியுதவித் திட்டங்களில் பங்குபெறும் எல்லாக் கல்வி நிறுவனங்களுக்கும், தனியாரானாலும் சரி, இந்தச் சட்டம் பொருந்தும். ஆண்டுதோறும் அக்டோபர் 1க்குள் மூன்று ஆண்டுகளின் குற்றக் கணக்கை வெளியிட வேண்டும். காசு கொடுக்காமல் யாரும் படிக்கலாம். நம் வீட்டிலிருந்தே பார்க்கலாம்.

சரி, கணக்கு கையில் இருக்கிறது. அப்படியே நம்பிவிடலாமா? வங்கியில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: தொகையைப் பார்ப்பதற்கு முன், அது எந்தத் தலைப்பில் எழுதப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

முதலில் இடம். வளாகம், அதற்குள் இருக்கும் விடுதி, வளாகத்தை ஒட்டிய தெரு போன்ற பொது இடம், வெளியே பல்கலைக்கழகத்தின் பிடியில் உள்ள கட்டடங்கள் ஆகியவை மட்டுமே கணக்கில் வரும். நம் பிள்ளைகளில் பலர் முதுகலை படிக்கப் போகிறவர்கள். நாலு பேராகச் சேர்ந்து வெளியே தனியார் அபார்ட்மெண்டில் வாடகைக்கு இருப்பார்கள். அங்கே திருடு போனாலோ, இரவு நடந்து வரும்போது வழிப்பறி நடந்தாலோ, பெரும்பாலும் அது இந்தப் பட்டியலில் ஏறாது.

இரண்டாவது குற்றத்தின் வகை. விடுதி அறைக்குள் அத்துமீறி நுழைந்து லேப்டாப்பைத் திருடினால் அது கன்னக்களவு, பட்டியலில் வரும். அதே லேப்டாப் நூலக மேசையிலிருந்து காணாமல் போனால் அது சாதாரணத் திருட்டு. இனம், மதம் போன்ற வெறுப்பின் காரணமாக நடந்தது என்றால் ஒழிய, பட்டியலில் வராது. பறிகொடுத்த பிள்ளைக்கு இரண்டும் ஒன்றுதான்.

மூன்றாவது, ஒரே சம்பவத்தில் பல குற்றங்கள் நடந்தால் பொதுவாகப் பெரியது மட்டுமே எண்ணப்படும். அறைக்குள் புகுந்து ஆயுதத்தால் தாக்கினால், தாக்குதல் மட்டும் கணக்கில் ஏறும். பாலியல் குற்றம், தீவைப்பு போன்றவற்றுக்கு விதிவிலக்கு உண்டு.

நான்காவதுதான் முக்கியம். இது நிரூபிக்கப்பட்ட குற்றங்களின் கணக்கு அல்ல, வந்த புகார்களின் கணக்கு. கைதோ தண்டனையோ தேவையில்லை. ஆகவே பாலியல் குற்றம் என்ற இடத்தில் மூன்று ஆண்டும் பூஜ்யம் என்றால் உடனே மகிழ்ந்துவிடாதீர்கள். அங்கே புகார் சொல்ல யாருக்கும் துணிவில்லையோ என்றும் கேளுங்கள். நம் செக்யூரிட்டி அறையில் உள்ள புகார் நோட்டு வெறுமையாக இருப்பதால், இங்கே சைக்கிளே காணாமல் போனதில்லை என்று யாராவது சொல்வீர்களா?

மறைத்தவர்களுக்குத் தண்டனையும் உண்டு. 2024ல் வர்ஜீனியாவின் லிபர்ட்டி பல்கலைக்கழகத்துக்கு 1.4 கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. 2007ல் வர்ஜீனியா டெக் வளாகத்தில் காலையில் விடுதியில் இருவர் சுடப்பட்டபின், எச்சரிக்கை மின்னஞ்சல் போக இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. சிறிது நேரத்தில் அதே கொலையாளி வகுப்பறைகளில் மேலும் 30 பேரைக் கொன்றான். தாமதமான எச்சரிக்கைக்காக அந்தப் பல்கலைக்கழகத்துக்கும் அபராதம் உண்டு. உடனடி எச்சரிக்கையும் இந்தச் சட்டத்தின் ஒரு பகுதிதான்.

அட்மிஷன் கடிதம் வந்த வீட்டார் நான்கு காரியம் செய்யுங்கள். எண்ணிக்கையை மாணவர் தொகையோடு சேர்த்துப் பாருங்கள். 50,000 பேர் படிக்கும் இடத்தையும் 3,000 பேர் படிக்கும் இடத்தையும் வெறும் எண்ணை வைத்து ஒப்பிடக்கூடாது. வளாகக் காவல் பிரிவின் தினசரிக் குற்றப் பதிவேட்டைப் பாருங்கள். அதில் சாதாரணத் திருட்டும் இருக்கும், கடைசி 60 நாள் பதிவுகள் பொதுமக்களுக்குத் திறந்திருக்க வேண்டும். பிள்ளை குடியிருக்கப்போகும் தெருவைப் பற்றி அந்த நகரக் காவல்துறையின் தகவலைத் தனியாகத் தேடுங்கள். போய் இறங்கியதும் பல்கலைக்கழகத்தின் அவசர எச்சரிக்கைச் சேவையில் கைபேசி எண் சேர்ந்திருக்கிறதா என்று சரிபார்க்கச் சொல்லுங்கள்.

கூடவே இன்னொன்றும் சொல்லி அனுப்புங்கள்: "ஏதாவது நடந்தால் மறைக்காதே, புகார் கொடு, எங்களிடமும் சொல்." நாம் திட்டுவோம், படிப்பை நிறுத்தித் திரும்பி வரச் சொல்வோம் என்ற பயத்திலேயே வாயை மூடிக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு. அந்தப் பயத்தை விமானம் ஏறுவதற்கு முன் போக்குவது நம் பொறுப்பு.

யாருக்காவது அறிக்கையைப் படிக்க உதவி வேண்டுமானால், ஞாயிறு காலை சங்க அறைக்கு வாருங்கள். சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.