உண்ணாநோன்பும் உட்சுரப்பிகளும்

(தசலட்சணப் பருவத்தையொட்டி வாடிப்பட்டியில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



பேரணையில் வைகையினின்றும் பிரியும் பெரியாறு பிரதானக் கால்வாய், வாடிப்பட்டி வட்டத்து வயல்களை நனைத்துச் செல்வதை இவ்வூரார் நன்கறிவர். வயல் வாடினால் மடை திறக்கப்படும், நிறைந்தால் அடைக்கப்படும். வயலின் நிலையே மடையின் நிலையை முடிவு செய்கின்றது. மனித உடலிலும் இத்தகைய மேற்பார்வை இரவும் பகலும் ஓயாது நடைபெறுகின்றது. அதனை நடத்துபவை நாளமில்லாச் சுரப்பிகள். உமிழ்நீர்ச் சுரப்பிக்கும் வியர்வைச் சுரப்பிக்கும் குழாய் உண்டு, இவற்றுக்கு இல்லை. தாம் சுரக்கும் ஹார்மோனை நேரே குருதியில் கலந்துவிடுகின்றன. குருதி எல்லா உறுப்புக்கும் செல்லினும், அந்தச் செய்தியை ஏற்கும் அமைப்புடைய செல்கள் மட்டுமே அதற்கு இணங்கும்.

நோன்பிருப்போர்க்கு இச்சுரப்பிகளுள் முதன்மையாக உதவுவது கணையம். வளர்ந்த ஒருவருக்குக் குருதி சுமார் 5 லிட்டர். வெறும் வயிற்றில் அதில் கரைந்திருக்கும் சர்க்கரை ஏறத்தாழ 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி அளவு. விருந்துண்டாலும் பட்டினி கிடந்தாலும் இந்த அளவு பெரிதும் மாறாதபடி காக்க வேண்டும். உண்டவுடன் கணையத்தின் பீட்டா செல்கள் இன்சுலினைச் சுரக்கின்றன; மிகுதிச் சர்க்கரை கல்லீரலிலும் தசைகளிலும் கிளைக்கோஜனாகச் சேமிக்கப்படுகின்றது. உணவு நின்று சில மணி நேரம் கழிந்ததும் ஆல்பா செல்கள் குளுக்ககானைச் சுரக்கின்றன. கல்லீரல் தன் சேமிப்பைத் திறந்துவிடுகின்றது. அச்சேமிப்பு ஏறத்தாழ ஒரு நாளைக்குப் போதும். அதற்கு மேலும் நோன்பு நீடித்தால் கொழுப்பு கரைந்து கீட்டோன்களாகி மூளைக்கும் உணவாகின்றது. நீரும் பருகாத நோன்பில் பிட்யூட்டரியின் பின்பகுதி வாசோப்ரெசின் என்னும் ஹார்மோனை வெளியிட்டு, சிறுநீரின் வழியே நீர் வீணாகாமல் தடுக்கின்றது. நோன்பாளியின் மனவுறுதிக்குத் துணையாக இத்தனையும் ஓசையின்றி நடைபெறுகின்றன.

இதில் ஒன்றைக் கருத்திற்கொள்ள வேண்டும். முழுப் பட்டினியிலும் இன்சுலின் அறவே நின்றுவிடுவதில்லை. சிறிதளவு சுரந்துகொண்டே இருப்பதால்தான் கொழுப்பு அளவின்றிக் கரையாமலும், கீட்டோன்கள் பெருகிக் குருதி அமிலமாகாமலும் உடல் காக்கப்படுகின்றது. முதல் வகை நீரிழிவு உடையோர்க்கு இந்தச் சிறிதளவும் சுரப்பதில்லை. உணவுதான் இல்லையே என்று எண்ணி நோன்பு நாளில் ஊசியை முற்றாக நிறுத்துவது அவர்களுக்கு உயிராபத்து.

இரண்டாம் வகையினரின் இடர் வேறு. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் நீரிழிவு உடையோர் 10.1 கோடி என மதிப்பிட்டது. தமிழ்நாட்டில் வளர்ந்தோருள் 14.4 விழுக்காட்டினர். எனவே நோன்பிருக்கும் குடும்பங்களிலும் இந்நோய் உடையோர் பலர் இருத்தல் இயல்பே. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகள் உணவு வந்ததா என்று பாராமல் கணையத்தைச் சுரக்கச் செய்பவை. அவற்றை உட்கொண்டு உண்ணாதிருந்தால் சர்க்கரை தாழ்ந்துவிடும். சமணர் இல்லங்களில் இதைவிட நுட்பமான ஓர் இடரும் உண்டு. இரவுண்ணாமை நெறிப்படி உணவு 6 மணிக்கு முன்பே முடிந்துவிடுகின்றது; மருந்துச்சீட்டிலோ இரவு வேளை எனக் குறித்திருக்கும். உணவுக்கு முன் போடவேண்டிய கலப்பு இன்சுலினை 8 மணிக்குப் போட்டுக்கொண்டால், அது செயற்படும் நேரத்தில் வயிற்றில் உணவு இராது. உறக்கத்திலேயே சர்க்கரை தாழும். மருத்துவர் பிறர் வழக்கத்தைக் கருதி எழுதியிருப்பார். கதிர் மறையுமுன் உண்ணும் வழக்கத்தை அவரிடம் சொல்லிவிட்டால் மருந்தின் நேரத்தையும் அளவையும் மாற்றித் தருவார். சொல்லாமல் இருப்பதே பெருங்குறை.

இன்சுலினைப் பற்றி முதியோர் சிலரிடம் இன்னும் ஒரு தயக்கம் உண்டு. அது ஆதாரமற்றதன்று. 1921-இல் டொராண்டோவில் பாண்டிங், பெஸ்ட் இருவரும் நாய்களிடம் சோதித்தே இதனைக் கண்டனர். 1922 ஜனவரியில் லியோனார்டு தாம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு ஏற்றப்பட்டது மாட்டின் கணையச் சாறு. அதன்பின் அரை நூற்றாண்டுக்கும் மேலாக மாடு, பன்றி ஆகியவற்றின் கணையமே மூலப்பொருளாயிருந்தது. கொல்லாமையை உயிரெனக் கொண்டோர் அஞ்சியதில் வியப்பில்லை. 1978-இல் மனித இன்சுலினின் மரபணுக் கட்டளை பாக்டீரியாவில் புகுத்தப்பட்டது. 1982-இல் அவ்வகை மருந்து விற்பனைக்கு ஒப்புதல் பெற்றது. பெங்களூரின் பயோகான் நிறுவனம் 2004-இல் ஈஸ்ட்டைக் கொண்டு ஆக்கிய இன்சுலினை வெளியிட்டது. இன்று பெரும்பாலோர்க்குக் கிடைப்பது இம்முறையில் ஆனதே. நுண்ணுயிரும் ஓரறிவுயிரன்றோ என்று வினவுவோர்க்கு விடை கூறத் தக்கோர் முனிவர்களே. கணையத்திற்காக விலங்கைக் கொல்லும் நிலை இம்முறையில் இல்லை என்பதை மட்டும் மருத்துவம் கூறவியலும். மற்ற ஹார்மோன் மருந்துகள் எல்லாமே இப்படியல்ல. மாதவிடாய் நின்ற மகளிர்க்குரிய ஈஸ்ட்ரோஜன் மாத்திரைகளுள் ஒருவகை, சினையுற்ற குதிரையின் சிறுநீரிலிருந்து எடுக்கப்படுவது. தாவரப் பொருளிலிருந்து ஆக்கப்படும் மாற்றும் உண்டு, கேட்டுப் பெறலாம்.

நோன்பின் நடுவே கை நடுங்கி, வியர்த்து, நெஞ்சு படபடத்தால் அது அட்ரினலின் விடுக்கும் எச்சரிக்கை. சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கியிருந்தால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்து உடனே பருக வேண்டும். விரதம் ஏற்ற பின் எவ்வாறு பருகுவது என்று மறுப்போர் உளர். தத்துவார்த்த சூத்திரம் கூறும் பதினாறு பாவனைகளுள் தியாகமும் தவமும் ‘சக்திக்கேற்ப’ என்னும் வரையறையோடுதான் வைக்கப்பட்டுள்ளன. புறத்தவம் ஆறனுள் உண்ணாமை ஒன்று. குறைத்துண்ணலும் சுவை துறத்தலும் அவற்றோடு ஒப்ப எண்ணப்பட்டவையே. நீரிழிவுடைய ஒருவர் பத்து நாளும் இனிப்பையும் நெய்யையும் துறந்து, அளவாக, நேரந்தவறாது உண்பாராயின் அதுவும் தவமே. அவர் கணையத்திற்கும் அது இதமானது. இல்லத்தார் அதனைக் குறைந்த நோன்பாக மதித்துப் பேசலாகாது. அப்பேச்சுக்கு அஞ்சியே பலர் நோயை மறைக்கின்றனர்.

தைராய்டு மாத்திரை உண்போர்க்கு இவ்வளவு அச்சம் வேண்டுவதில்லை. தைராக்ஸின் குருதியில் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஒரு வாரம் ஆகுமாதலின், நீரும் பருகாத ஒரு நாளில் அது தவறினாலும் பெருந்தீங்கு நேராது. மறுநாள் பாரணைக்கு அரைமணி முதல் ஒரு மணி நேரம் முன்பே நீருடன் விழுங்கலாம்.

ஸ்டீராய்டு மாத்திரைகளின் நிலை இதற்கு நேர்மாறு. மூட்டுவாதம், ஆஸ்துமா முதலியவற்றுக்காகப் பல வாரங்கள் பிரெட்னிசோலோன் உட்கொள்வோர்க்குக் குருதியில் அம்மருந்து நிறைந்திருப்பதால், பிட்யூட்டரி ‘போதும்’ என்று கருதி அட்ரினல் சுரப்பிக்கு ஆணை அனுப்புவதை நிறுத்திவிடுகின்றது. வயல் நிறைந்ததெனக் கண்டு மடையை அடைத்தது போன்றதே அது. சுரப்பி சோம்பிச் சுருங்கும். நோன்பின் பொருட்டு மாத்திரையைத் திடீரென விட்டால், சுரப்பி மீண்டும் விழித்தெழ வாரங்களோ மாதங்களோ ஆகலாம். அதற்குள் குருதி அழுத்தம் வீழ்ந்து மயக்கம் நேரும். அத்தகையோர் ஒரு நாளேனும் அம்மருந்தைத் தாமாக நிறுத்தலாகாது. நோன்பு தொடங்கச் சில வாரங்கள் முன்னரே மருத்துவரைக் காணவேண்டும்.