இறங்கிய மார்க்கும் ஆறாம் வகுப்புப் பின்னமும்



தேர்வாய் கண்டிகை என்றதும் சென்னைப் பக்கம் இருப்பவர்களுக்கு இரண்டு விஷயம் நினைவுக்கு வரும். ஒன்று, 2020 நவம்பரில் திறந்த கண்ணன்கோட்டை - தேர்வாய் கண்டிகை நீர்த்தேக்கம். அரை டி.எம்.சி. பிடிக்கும், சென்னைக் குடிநீருக்காகக் கட்டியது. இன்னொன்று சிப்காட் தொழிற்பேட்டை. டயர் ஆலை வைக்கப் பிரெஞ்சு நிறுவனமான மிஷெலின் 2009இல் அரசோடு ஒப்பந்தம் போட்டது. ஆடு மாடு மேய்த்த காட்டை எடுக்காதீர்கள் என்று ஊர்மக்கள் நீண்ட நாள் போராடினார்கள். அந்த நியாய அநியாயம் தனியாகப் பேச வேண்டியது. இன்றைக்கு நான் பேச வந்தது அந்த ஊரையும் சுற்றுவட்டாரத்தையும் சேர்ந்த பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளைப் பற்றி. மேய்ச்சல் நிலம் போய்விட்டது. அது இருந்த இடத்தில் நிற்கும் கம்பெனிக்குள் ஒப்பந்தக் கூலியாக அல்லாமல் ஊழியராகப் போக வேண்டுமென்றால் கையில் படிப்பு வேண்டும்.

எல்லாப் பள்ளியிலும் பார்க்கிற காட்சி இது. பத்தாவதில் ஐந்நூறுக்கு முந்நூற்றைம்பது எடுத்த பையன், பதினொன்றாம் வகுப்புக் காலாண்டில் மூன்று பாடத்தில் பெயில். வீட்டில் உடனே தீர்ப்பு எழுதிவிடுவார்கள்: "செல்போன்தான் சார் கெடுத்துச்சு." செல்போன் புண்ணியவான் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கெடுதல் அதற்கு ரொம்ப முன்னாலேயே ஆரம்பித்திருக்கும். ஒரு விடைத்தாளைக் கையில் எடுத்துப் பார்த்தால் தெரியும்.

பிளஸ் டூ கணக்குப்பதிவியலில் கூட்டாளி சேர்ப்பு என்று ஒரு பாடம். இரண்டு பேர் சேர்ந்து நடத்தும் கடையில் மூன்றாவதாக ஒருவர் சேர்கிறார். பழையவர்கள் தங்கள் பங்கில் எவ்வளவு விட்டுக்கொடுத்தார்கள் என்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்குத் தியாக விகிதம் என்று பெயர். பழைய பங்கிலிருந்து புதிய பங்கைக் கழிக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு கூட்டாளிக்கு முன்பு ஐந்தில் மூன்று பங்கு, இப்போது ஒன்பதில் நான்கு பங்கு என்று வைத்துக்கொள்வோம். மாணவன் சூத்திரத்தை அச்சுப் பிசகாமல் எழுதியிருக்கிறான். எண்களையும் சரியாகப் போட்டிருக்கிறான். அடுத்த வரியில், மூன்றில் நான்கு போகாது என்பதால் நான்கில் மூன்றைக் கழித்து ஒன்று, கீழே ஒன்பதில் ஐந்தைக் கழித்து நான்கு, ஆக விடை நாலில் ஒன்று என்று முடித்துவிட்டான். சரியான விடை நாற்பத்தைந்தில் ஏழு. இந்தப் பையனுக்குக் கணக்குப்பதிவியல் வரவில்லை என்று சொல்ல முடியுமா? அந்தப் பாடம் அவனுக்குப் புரிந்திருக்கிறது. பகுதி வேறாக இருந்தால் பின்னத்தை எப்படிக் கழிப்பது என்பதுதான் வரவில்லை. அது ஆறாம் வகுப்புப் பாடம்.

அறிவியல் பிரிவிலும் இதே கதைதான். மின்தேக்கிக் கணக்கில் சூத்திரம் சரி, பிரதியிட்டது சரி. பத்தின் அடுக்கு மைனஸ் ஆறு மேலே போகும்போது குறியை மாற்ற மறந்து, விடை எங்கேயோ போய் நிற்கும். பத்தாவது வரை இப்படிப்பட்ட ஓட்டைகளை மனப்பாடத்தால் மூடிவிடலாம். பதினொன்றில் புத்தகம் தடித்துவிடும், சில பாடங்களுக்கு இரண்டு தொகுதி. மூடியது திறந்துகொள்ளும்.

ஆகவே மார்க் இறங்கிய பிள்ளையை இன்னும் இரண்டு மணி நேரம் அதே புத்தகத்தின் முன்னால் உட்கார வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. காலாண்டு, அரையாண்டு விடைத்தாளைத் திரும்ப வாங்குங்கள். மார்க் போன ஒவ்வொரு இடத்திலும் பக்கத்தில் ஒரு சொல் எழுதச் சொல்லுங்கள்: படிக்கவில்லை, புரியவில்லை, நேரம் போதவில்லை, கூட்டல் கழித்தலில் பிழை. ஒரு மாலை வேலை. முடித்துப் பார்த்தால் பல பிள்ளைகளுக்கு ஆச்சரியமாக இருக்கும், பாதி இடத்தில் கடைசிக் காரணம்தான் நிற்கும். பிறகு தம்பி தங்கையின் பழைய கணக்குப் புத்தகத்தை எடுத்து, தினம் அரை மணி பின்னம், விகிதம், சதவீதம், அடுக்குகள். பிளஸ் டூ படிக்கிறவன் ஏழாம் வகுப்புப் புத்தகத்தோடு உட்கார்ந்தால் வீட்டில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

ஆந்திர எல்லையை ஒட்டிய இந்தப் பகுதிக்கு இன்னொரு விஷயம் உண்டு. வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ் என்று வளர்ந்த பிள்ளைகள் இங்கே நிறைய. பேச்சுத் தமிழ் தண்ணீர்பட்டபாடு. பாடப்புத்தகத் தமிழ் வேறு. 'வேறுபடுத்துக', 'விவரி', 'தருவி' என்று கேள்வி கேட்டால் மூன்றுக்கும் ஒரே மாதிரி பதில் எழுதுவார்கள். இதற்கு டியூஷன் வேண்டாம். பாடத்தில் ஒரு பக்கத்தை வாய்விட்டுப் படித்து, புத்தகத்தை மூடிவிட்டு, தன் பேச்சில் அக்காவுக்கோ அம்மாவுக்கோ சொல்ல வேண்டும். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பிள்ளை எந்த இடத்தில் தடுமாறுகிறது என்பது கேட்கிறவருக்குத் தெரிந்துவிடும்.

இனி தேர்வு விஷயம். பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு வந்தது 2017-18இல். அந்த மார்க்கையும் சேர்த்து 1,200க்குப் பார்ப்பதாக முதலில் சொன்னார்கள். 2018லேயே அது மாறி, மேற்படிப்புக்குப் பிளஸ் டூவின் 600 மட்டும் போதும் என்றாயிற்று. இப்போது 2025-26 முதல் பிளஸ் ஒன் பொதுத்தேர்வே கிடையாது. பிளஸ் ஒன்னில் சறுக்கிய பிள்ளைக்கு இதைவிட நல்ல செய்தி வேண்டாம். பன்னிரண்டின் மார்க் ஷீட்டில் அந்தச் சறுக்கல் வராது. ஆனால் இதையே சாக்காக வைத்துப் பதினொன்றை ஓய்வு வருஷமாக்கினால், ஓட்டை அப்படியே பன்னிரண்டுக்கு வந்து நிற்கும். 2021இல் கொரோனாவால் பிளஸ் டூ தேர்வை ரத்து செய்தபோது பிளஸ் ஒன் மார்க்கிலிருந்து 20 சதவீதம் எடுத்தார்கள் என்பதையும் பலர் மறந்துவிட்டார்கள்.

2025 பிளஸ் டூ தேர்வில் மாநிலத் தேர்ச்சி 95.03 சதவீதம். மாணவிகள் 96.70, மாணவர்கள் 93.16. பையன்கள் பின்தங்குவதற்குக் காரணம் ஊருக்கு ஊர் வேறு. தொழிற்பேட்டையை ஒட்டிய கிராமங்களில் கேட்டால் பாதிக் காரணம் சம்பளம். சனி ஞாயிறு கேட்டரிங், லீவில் லோடு ஏற்றுவது, பிறகு "ஒரு வாரம் மட்டும் சார்" என்று நைட் ஷிஃப்ட். பதினெட்டு நிரம்பாதவர்களை அபாயமான வேலையில் வைக்கக் கூடாது என்று 2016ஆம் வருஷத்துச் சட்டத் திருத்தம் சொல்கிறது. வேலைக்கு ஆள் கூப்பிடும் ஏஜென்ட் அதைச் சொல்ல மாட்டார். கையில் காசு வந்த பையனிடம் படிப்பின் பெருமையைப் பேசிப் பயன் இல்லை. குடும்பத்துக்குப் பணம் தேவை என்றால் அதை ஒளிக்காமல் வகுப்பு ஆசிரியரிடம் சொல்லுங்கள். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரியில் சேரும் பெண்ணுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வந்துகொண்டிருக்கிறது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவத்திலும் பொறியியலிலும் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு இருக்கிறது. இதெல்லாம் வீட்டில் பேசப்பட வேண்டிய பணக் கணக்குதான்.

கடைசி மூன்று மாதத்துக்கு வருவோம். செய்முறை இல்லாத பாடத்தில் எழுத்துத் தேர்வு 90, அகமதிப்பீடு 10. அந்தப் பத்தில் வருகைப் பதிவுக்கும் பங்குண்டு. லீவு போட்டு வீட்டில் படிப்பது லாபம் இல்லை. மொழிப்பாடம் தவிர மற்றவற்றில், தொண்ணூறில் இருபது ஒரு மார்க் கேள்வி. இரண்டு மார்க், மூன்று மார்க் பகுதிகளில் பத்தில் ஏழு எழுதினால் போதும், ஆனால் ஒவ்வொன்றிலும் ஒரு கேள்வி கட்டாயம். சாய்ஸை நம்பிப் பாடத்தை ஒதுக்கியவர்கள் மாட்டுவது அந்தக் கட்டாயக் கேள்வியில்தான். வினாத்தாள் படிக்கக் கொடுக்கும் பத்து நிமிஷத்தில் முதலில் அதைத் தேடிப் பார்த்துவிடுங்கள். புத்தகத்தின் பின்பக்கக் கேள்விகள் மட்டும் வரும் என்ற காலமும் போய்விட்டது.

அப்படியும் ஏதாவது ஒரு பாடத்தில் தவறிப்போனால் வருஷம் வீணாகாது. ரிசல்ட் வந்த கையோடு துணைத் தேர்வுக்கு விண்ணப்பிக்கலாம். சந்தேகம் இருந்தால் விடைத்தாள் நகல் கேட்டு வாங்கி, அதைப் பார்த்துவிட்டு மறுகூட்டலா மறுமதிப்பீடா என்று முடிவு செய்யலாம். துணைத் தேர்வில் தேறியவர்கள் அதே ஆண்டில் கல்லூரிக்குப் போகலாம். தகுந்த பாடப்பிரிவு எடுத்திருந்தால் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டிலும் சேரலாம். விண்ணப்பத்துக்குக் கிடைக்கும் நாட்கள் குறைவு. மார்க் ஷீட்டைப் பார்த்து வீட்டில் சண்டை போடுவதை ஒரு வாரம் தள்ளிவைத்துவிட்டு, முதலில் பள்ளிக்கூடத்துக்குப் போய்க் கடைசித் தேதியைக் கேளுங்கள்.