விளக்கிச் சொன்ன தலைவர்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

புலவர் பெருமக்கள் முழங்கிய இம்மேடையில், மெட்ரிகுலேஷன் வரை மட்டுமே பயின்ற இரயில்வே எழுத்தனாகிய என்னையும் பேசப் பணித்தீர்கள். இலக்கியம் பேச எனக்குத் தகுதி இல்லை. எனினும், பயணச்சீட்டுச் சாளரத்தின் பின் அமர்ந்து, வருவோர்க்கெல்லாம் வண்டி விவரம் விளக்கிச் சொல்வதே என் அன்றாடப் பணி. ஆதலின், விளக்கிச் சொல்லியே ஒரு மாநிலத்தின் முதலமைச்சரான ஒருவரைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகிறேன். அவர் கனடா நாட்டுக் கியூபெக் மாநிலத்தைச் சேர்ந்த ரெனே லெவெக்.

கனடாவில் பெரும்பாலோர் ஆங்கிலம் பேசுவோர். கியூபெக்கில் மட்டும் பிரெஞ்சு மொழியினரே பெரும்பான்மையினர். ஆயினும் அங்கேயும் பெருந்தொழில்களின் உயர் பதவிகளில் ஆங்கிலமே கோலோச்சிய காலம் ஒன்று இருந்தது. அக்காலத்தில், 1922-இல் பிறந்து, நியூ கார்லைல் என்னும் சிற்றூரில் வளர்ந்தவர் லெவெக். இளமையிலேயே அவ்வூர் வானொலி நிலையத்தில் பணிபுரிந்தார். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையினருடன் செய்தியாளராகச் சென்று, டாக்கௌ வதைமுகாமின் கொடுமையைக் கண்ணாரக் கண்டார்.

1956-இல் பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் அவர் ஒரு நிகழ்ச்சியைத் தொடங்கினார். கரும்பலகை ஒன்று, உலகப் படம் ஒன்று, கையில் ஒரு சுண்ணக்கட்டி, கரகரத்த குரல். சூயெஸ் கால்வாய்ச் சிக்கலையும் அல்ஜீரியப் போரையும் எளிய மக்களுக்கு அவர்தம் தாய்மொழியிலேயே விளக்கினார். தாய்மொழியில் சொன்னால் உலகமே நம் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடும் அன்றோ?

1958 டிசம்பரில் அந்நிலையத்துத் தயாரிப்பாளர்கள் வேலை நிறுத்தம் செய்தனர். லெவெக்கும் உடன் நின்றார். இரண்டு திங்களுக்கும் மேலாகப் பிரெஞ்சு ஒளிபரப்பு முடங்கிக் கிடந்தும், தலைநகர் ஆட்டவா விரைந்து அசையவில்லை. ஆங்கில ஒளிபரப்பு நின்றிருந்தால் இவ்வாறு வாளா இருப்பார்களா என்ற வினா அவர் நெஞ்சைச் சுட்டது. அவ்வடுவே அவரை அரசியலுக்கு உந்தியது.

1960-இல் லிபரல் கட்சியின் சார்பில் வென்று அமைச்சரானார். தனியார் மின் நிறுவனங்களை மாநில உடைமையாக்க வேண்டும் என்றார். 1962 தேர்தலில், பழைய கரும்பலகை ஆசிரியராகவே மாறி, மின் கணக்கை மக்கள் முன் விரித்துரைத்தார். மக்கள் ஒப்புதல் தந்தனர். 1963-இல் ஏறத்தாழ 60 கோடி டாலர் விலையில் அந்நிறுவனங்கள் மாநிலத்துக்கு உரிமையாயின. பிரெஞ்சு பேசும் பொறியாளர்க்கு உயர் பதவிகளின் கதவு அகலத் திறந்தது.

பின்னர் கட்சியை விட்டு விலகி, 1968-இல் கியூபெக் தனியுரிமை நாடும் புதுக் கட்சி கண்டார். 1970, 1973 தேர்தல்களில் தம் தொகுதியிலேயே தோற்றார்; துவளவில்லை. 1976-இல் முதலமைச்சரானார். மறு ஆண்டே, நிறுவனங்கள் கட்சிகளுக்குப் பொருள் வழங்குவதைத் தடுத்து, வாக்காளர் மட்டுமே நன்கொடை தரலாம் எனச் சட்டம் செய்தார். பிரெஞ்சு மொழிச் சட்டமும் அவ்வாண்டே பிறந்தது.

1980 மே 20-ஆம் நாள், தனியுரிமை பற்றிப் பேச்சு நடத்த ஒப்புதல் கேட்டு மக்கள் முன் நின்றார். நூற்றுக்கு அறுபதின்மர் மறுத்தனர். தாம் போற்றிய கனவு அன்று சரிந்தது. கண்ணீர் சிந்திய தொண்டர்கள் முன், மக்கள் தீர்ப்பைத் தலைவணங்கி ஏற்றார். அடுத்த முறை பார்ப்போம் என்ற நம்பிக்கையோடு விடைபெற்றார். அம்மக்களே 1981-இல் மீண்டும் அவரை அரியணையில் அமர்த்தினர். 1985-இல் பதவி துறந்து, 1987-இல் மறைந்தார்.

அன்பர்களே! அவர் நாடிய பிரிவு நன்றோ தீதோ, அது அந்நாட்டார் முடிவு செய்ய வேண்டியது. நான் போற்றுவது வேறொன்று. எதிரில் இருப்பவனுக்கு அறிவு உண்டு என்று நம்புகிறவனே விளக்கிச் சொல்வான்; அவன் மறுத்தாலும் வெறுக்க மாட்டான். என் சாளரத்தில் மொழி தெரியாமல் தவிப்பவரை நானும் சில நாள் கடிந்ததுண்டு. லெவெக் வரலாற்றைப் படித்தபின் அவ்வாறு செய்ய மனம் கூசுகிறது.

தாய்மொழி வழங்காத ஊரில் வாழும் நாம், நம் பிள்ளைகளைத் தமிழ் படி என அதட்டினால் போதுமா? ஏன் படிக்க வேண்டும் என்று அருகமர்த்தி விளக்குவோம். அதுவே நிலைக்கும்.