மின்னோட்டம் மாறியது; பயணம் மாறியதா?

(மும்பை புறநகர் ரயில் மின்மயமாக்கலின் நூற்றாண்டையொட்டி, கட்சிக் கல்வி வகுப்பொன்றில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

1925 பிப்ரவரி 3ஆம் நாள் பம்பாய் விக்டோரியா டெர்மினஸ் நிலையத்திலிருந்து குர்லாவை நோக்கித் துறைமுகப் பாதையில் ஒரு வண்டி புறப்பட்டது. அதன் முன்னே நீராவி எஞ்சின் இல்லை, நிலக்கரி இல்லை, புகையும் இல்லை. இந்திய மண்ணில் ஓடிய முதல் மின்சார ரயில் அதுவே. மாகாண ஆளுநர் லெஸ்லி வில்சன் அதனைத் தொடங்கிவைத்தார். 2025 பிப்ரவரியில் அந்நிகழ்வின் நூற்றாண்டு கொண்டாடப்பட்டது.

நான்கு மாதங்கள் சென்றன. ஜூன் 9, திங்கட்கிழமை காலை, வேலைக்குச் செல்லும் நேரம். மும்ப்ரா அருகே ஒரு வளைவில் இரண்டு மின்சார வண்டிகள் எதிரெதிரே கடந்தபோது, வாசற்படிகளில் தொங்கியவாறு பயணம் செய்தவர்கள் தண்டவாளத்தில் விழுந்தனர். நால்வர் அன்றே மாண்டனர்.

நூறாண்டு முன்னேற்றத்தின் பெருமையும் அந்த மரணங்களும் ஒரே நகரின் புறநகர் ரயில்களில் நிகழ்ந்தவை. தொழில்நுட்பம் வளர வளர உழைப்பாளியின் பயணம் ஏன் பாதுகாப்பானதாக ஆகவில்லை என்பதே இவ்வுரை எழுப்பும் கேள்வி.

நீராவியின் எல்லை

1853 ஏப்ரல் 16 அன்று போரிபந்தரிலிருந்து தாணேவுக்கு நாட்டின் முதல் பயணிகள் ரயில் ஓடியது. அதே ஆண்டில் மார்க்ஸ் இந்திய ரயில் பாதைகளைப் பற்றி எழுதினார். ஆங்கிலேய ஆலை முதலாளிகள் தங்கள் ஆதாயத்திற்காகவே ரயில் பாதை அமைக்கின்றனர். ஆயினும் அது இந்தியாவில் நவீனத் தொழிலுக்கு முன்னோடியாக அமையும். அதன் பலன்களை இந்திய மக்கள் அறுவடை செய்வது அவர்கள் விடுதலை பெறுவதைப் பொறுத்தது என்பதே அவருடைய கருத்தின் சாரம். கருவி வேறு, அதன் பலன் யாருக்கு என்பது வேறு. இந்த வேறுபாட்டை மறந்துவிட்டால் ரயில்வேயின் வரலாறு விளங்காது.

துறைமுகமும் பஞ்சாலைகளும் பெருகிய பம்பாயில் நீராவி வண்டிகளால் ஈடுகொடுக்க இயலவில்லை. நீராவி எஞ்சின் மெல்லத்தான் வேகமெடுக்கும். கடைசி நிலையத்தில் அதைக் கழற்றி மறுமுனையில் பூட்ட வேண்டும். ஓரிரு கிலோமீட்டருக்கு ஒரு நிலையம் உள்ள பாதையில் இவ்விரண்டும் பெரும் தடைகள். மின்சார வண்டிக்கு இருபுறமும் ஓட்டுநர் அறை உண்டு, நின்றதும் திரும்பலாம், புறப்பட்டதும் வேகம் பிடிக்கலாம். 1928இல் மேற்குப் பாதையில் கொலாபாவிலிருந்து போரிவலி வரையிலும், 1931இல் சென்னையில் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரையிலும் மின்சார ரயில் வந்ததற்கு இதுவே அடிப்படைக் காரணம்.

1,500 வோல்ட்டிலிருந்து 25,000 வோல்ட்டுக்கு

பம்பாயில் பயன்பட்டது 1,500 வோல்ட் நேர்திசை மின்னோட்டம். அன்றைய நிலையில் அது நவீனமானது. ஆனால் 9 பெட்டிகள் 12 ஆகி, வண்டிகளின் எண்ணிக்கையும் பெருகியபோது அந்த அமைப்பு மூச்சுத் திணறியது. காரணம் எளிது. மின்திறன் என்பது மின்னழுத்தமும் மின்னோட்டமும் சேர்ந்தது. மின்னழுத்தம் குறைவாக இருந்தால், அதே திறனுக்கு மின்னோட்டம் பல மடங்கு பாய வேண்டும். 25,000 வோல்ட்டில் செல்லும் வண்டிக்குத் தேவைப்படும் மின்னோட்டத்தைப் போல் ஏறத்தாழ 17 மடங்கு, 1,500 வோல்ட்டில் தேவை. கம்பி தடிமனாக வேண்டும். கம்பியில் வெப்பமாக வீணாகும் ஆற்றல் மிகும். சில கிலோமீட்டருக்கு ஒரு துணைமின்நிலையம் வேண்டும். ஒரே பகுதியில் பல வண்டிகள் ஒருசேரப் புறப்பட்டால் மின்னழுத்தம் தாழ்ந்துவிடும்.

இந்திய ரயில்வே 1957இலேயே 25,000 வோல்ட் மாறுதிசை மின்னோட்டத்தைத் தன் பொது முறையாக ஏற்றுக்கொண்டது. சென்னைப் புறநகர்ப் பாதை 1967இல் அதற்கு மாறிவிட்டது. மும்பையில் மட்டும் மாற்றம் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. ஒரு நாளும் நிறுத்த இயலாத பாதையில், ஓடும் வண்டிகளுக்கு நடுவே அப்பணியைச் செய்ய வேண்டியிருந்தது. நள்ளிரவு தாண்டிக் கடைசி வண்டி சென்றபின், விடியலுக்கு முன் முதல் வண்டி வரும் வரை கிடைக்கும் சில மணி நேரத்தில்தான் கம்பியை மாற்ற வேண்டும். பழைய மேம்பாலங்களின் அடியில் உயர் மின்னழுத்தக் கம்பிக்குப் போதிய இடைவெளி இல்லை. பாலங்களை உயர்த்தவோ இடிக்கவோ வேண்டியிருந்தது. இயலாத இடங்களில் தண்டவாளத்தையே தாழ்த்த வேண்டியிருந்தது. இரு வகை மின்னோட்டத்திலும் ஓடக்கூடிய வண்டிகள் மாற்றக் காலத்தில் பயன்பட்டன.

மேற்குப் பாதை 2012இல் முழுமையாக மாறியது. மத்திய ரயில்வேயின் முதன்மைப் பாதை 2015இலும், துறைமுகப் பாதை 2016 ஏப்ரலிலும் மாறின. மேல்நிலைக் கம்பி வழியே நேர்திசை மின்னோட்டத்தில் ஓடிய நாட்டின் கடைசி ரயில் பாதை அத்துடன் முடிவுற்றது. புதிய வண்டிகள் தடை பிடிக்கும்போது மின்சாரத்தைக் கம்பிக்கே திருப்பித் தருகின்றன. நீண்ட வண்டிகளை இழுக்கும் வலுவும் அமைப்புக்கு வந்துவிட்டது.

இச்சாதனை இரவுகளில் விழித்திருந்து உழைத்த ரயில்வே தொழிலாளர்களுக்கும் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கும் உரியது. தொடக்க விழாக் கல்வெட்டுகளில் அவர்கள் பெயர் இருப்பதில்லை.

மின்திறன் கூடியது, நிற்க இடம் கூடவில்லை

பெருந்தொற்றுக்கு முன் நாள்தோறும் ஏறத்தாழ 75 லட்சம் பேர் இவ்வண்டிகளில் பயணம் செய்தனர். காலை, மாலை நெரிசலில் ஒரு சதுர மீட்டரில் 14 முதல் 16 பேர் வரை நிற்கின்றனர். ஒரு சதுர மீட்டர் என்பது சிறிய உணவு மேசையின் அளவு. பெருந்தொற்று ஆண்டுகள் நீங்கலாக, ஆண்டுதோறும் 2,000க்கும் மேற்பட்டோர் இப்பாதைகளில் உயிரிழக்கின்றனர். தண்டவாளத்தைக் கடக்கும்போது அடிபடுவோர் ஒரு பகுதி. வண்டியிலிருந்து விழுவோர் மற்றொரு பகுதி. இவற்றை ‘பயணிகளின் அலட்சியம்’ என்று எழுதிக் கோப்பை மூடிவிடுவது நிர்வாகத்துக்கு எளிது. நடைமேம்பாலம் இல்லாத இடத்தில் தண்டவாளத்தைக் கடப்பதும், உள்ளே நிற்க இடமில்லாத வண்டியில் படியில் தொங்குவதும் அலட்சியம் அல்ல; வேலைக்குத் தாமதமானால் கூலி போகும் என்ற நிர்ப்பந்தம்.

இந்த நெரிசல் இயற்கையாக வந்ததன்று. பரேல், லால்பாக் பகுதிகளில் ஆலைத் தொழிலாளி ஆலைக்கு நடந்தே சென்ற காலம் ஒன்று இருந்தது. 1982இல் தொடங்கிய மாபெரும் பஞ்சாலை வேலைநிறுத்தத்திற்குப் பின் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. ஆலை நிலங்களில் அலுவலகக் கோபுரங்களும் வணிக வளாகங்களும் எழுந்தன. தொழிலாளிக் குடும்பங்கள் கல்யாண், டோம்பிவிலி, பத்லாபூர், விரார் என்று தொலைவுக்குத் தள்ளப்பட்டன. வேலை நகரத்துக்குள், வீடு ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பால். நில வாடகையின் சுமை, நாள்தோறும் மூன்று நான்கு மணி நேரப் பயணமாகத் தொழிலாளியின் தோளில் ஏற்றப்பட்டது.

தாராவியில் தலைமுறைகளாக வாழும் தமிழ் உழைப்பாளிகளுக்கு இது புதிய செய்தியன்று. மாஹிம், சயான் நிலையங்கள் நடந்துசெல்லும் தொலைவில் இருப்பதே அவர்களுடைய பிழைப்பின் ஆதாரம். மறுசீரமைப்பின் பெயரால் தகுதியற்றவர்கள் என்று ஒதுக்கப்படுவோர் நகரின் விளிம்புக்கு அனுப்பப்பட்டால், அவர்களும் இதே நெரிசலில்தான் வந்து சேர்வார்கள். வீட்டுரிமைப் போராட்டமும் ரயில் போராட்டமும் இரண்டல்ல.

இரண்டு வாரத்தில் இரண்டு காட்சிகள்

2017 செப்டம்பர் 14 அன்று அகமதாபாத்தில், இந்தியப் பிரதமரும் ஜப்பானியப் பிரதமரும் புல்லட் ரயிலுக்கு அடிக்கல் நாட்டினர். மதிப்பீடு ஒரு லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். பதினைந்து நாள் கழித்து, செப்டம்பர் 29 காலையில், எல்ஃபின்ஸ்டன் ரோடு நிலையத்தையும் பரேல் நிலையத்தையும் இணைத்த குறுகிய நடைமேம்பாலத்தில், மழைக்கு ஒதுங்கிய கூட்டம் நெரிந்து 20க்கும் மேற்பட்டோர் மடிந்தனர். ஆலைக் காலத்துக்குப் போதுமானதாக இருந்த பாலம், அலுவலகக் கோபுரங்களுக்கு வந்துசெல்லும் கூட்டத்தைத் தாங்கவில்லை. அதன்பின் இராணுவம் அழைக்கப்பட்டு, சில மாதங்களில் புதிய பாலம் திறக்கப்பட்டது. சில மாதங்களில் கட்டக்கூடியது பல ஆண்டுகளாகக் கட்டப்படாமல் இருந்தது என்றால், இல்லாமற்போனது பொறியியல் திறன் அன்று, அரசின் அக்கறை.

ஏ.சி. லோக்கல் எழுப்பிய கேள்வி

2017 டிசம்பர் 25 அன்று மும்பையில் முதல் குளிர்சாதன லோக்கல் வண்டி ஓடியது. தானாக மூடும் கதவுகள் அதன் சிறப்பு. மூடிய கதவு உயிரைக் காக்கும். ஆனால் அக்கதவுக்குள் நுழையும் விலை என்ன? 2022 மே மாதத்தில் கட்டணம் பாதியாகக் குறைக்கப்பட்டபோதுகூட, 5 கிலோமீட்டர் பயணத்துக்கு 65 ரூபாய் 30 ரூபாயாயிற்று. சாதாரண வண்டியின் இரண்டாம் வகுப்பில் அது 5 ரூபாய்.

தாணேவுக்கும் திவாவுக்கும் இடையே ஐந்தாம், ஆறாம் பாதைகள் நீண்ட தாமதத்துக்குப் பின் 2022 பிப்ரவரியில் திறக்கப்பட்டன. கல்வா, மும்ப்ரா, திவா மக்கள் நெரிசல் தணியும் என்று காத்திருந்தனர். கூடுதலாக அறிவிக்கப்பட்ட 36 சேவைகளில் பெரும்பாலானவை ஏ.சி. வண்டிகள். சாதாரண வண்டி ஓடிய நேரங்களிலும் ஏ.சி. வண்டிகள் புகுத்தப்பட்டன. அவ்வாண்டு ஆகஸ்ட் மாதம் கல்வாவில் பயணிகள் ஏ.சி. வண்டியை மறித்தனர். போராட்டம் பரவியது. புதிதாகச் சேர்க்கப்பட்ட 10 ஏ.சி. சேவைகளை மத்திய ரயில்வே திரும்பப் பெற்றது.

இப்போராட்டத்தை எவ்வாறு மதிப்பிடுவது? இரண்டு தவறான பார்வைகள் உள்ளன. ‘முன்னேற்றத்தை எதிர்க்கும் கும்பல்’ என்பது ஒன்று. ‘ஏழைக்கு ஏ.சி. வேண்டாம், பழைய வண்டியே போதும்’ என்பது மற்றொன்று. முதலாவது ஆளும் வர்க்கத்தின் குரல். இரண்டாவது பரிவுபோல் ஒலித்தாலும், திறந்த கதவில் தொங்கிச் சாவதை ஏழையின் விதியாக்கிவிடுகிறது. கல்வா மக்கள் குளிர்ச்சியை எதிர்க்கவில்லை. தங்களுக்குரிய வண்டியும் தண்டவாள நேரமும் கூடுதல் விலை கொடுக்கக்கூடியவருக்கு மாற்றித் தரப்படுவதை எதிர்த்தனர். கதவுள்ள, காற்றோட்டமுள்ள வண்டி அனைவருக்கும், இரண்டாம் வகுப்புக் கட்டணத்திலேயே என்பதுதான் தொழிலாளி வர்க்கத்தின் முழக்கமாக இருக்க முடியும்.

மும்ப்ரா விபத்துக்குப் பின், ஏ.சி. இல்லாத வண்டிகளுக்கும் தானியங்கிக் கதவும் காற்றோட்ட அமைப்பும் பொருத்தப்படும் என்று ரயில்வே அறிவித்தது. தொழில்நுட்பம் அப்போதுதான் பிறந்தது என்பதில்லை. நான்கு பிணங்கள் விழும் வரை அது அவசரமாகப் படவில்லை.

யார் செலுத்துவது?

1999இல் ரயில்வே 51 விழுக்காடும் மகாராஷ்டிர அரசு 49 விழுக்காடும் பங்கு வகிக்கும் மும்பை ரயில் விகாஸ் கார்ப்பரேஷன் உருவாக்கப்பட்டது. முதற்கட்டத் திட்டத்துக்கு உலக வங்கிக் கடன் வந்தது. பின்னர் ஆசிய உள்கட்டமைப்பு முதலீட்டு வங்கிக் கடனும் வந்தது. பாதையோரக் குடிசைகளிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் மான்கூர்டு போன்ற பகுதிகளுக்கு மாற்றப்பட்டன. ஆக, கடன் திரும்பச் செலுத்தப்படுவது பொதுப்பணத்திலிருந்து. இடம் விட்டுக்கொடுத்தவர்கள் ஏழைகள். ஏ.சி. வண்டியின் கூடுதல் கட்டணமும் உழைப்பாளி தலையில்.

இப்பாதையால் உண்மையில் ஆதாயம் பெறுவோர் யார்? ஐம்பது கிலோமீட்டர் தொலைவிலிருந்து குறித்த நேரத்தில் தொழிலாளியை வாசலில் கொண்டுவந்து நிறுத்தும் வசதியை முதலாளிகள் அனுபவிக்கின்றனர். நிலையத்தை ஒட்டிய நிலத்தின் விலையேற்றத்தைக் கட்டுமான நிறுவனங்கள் அள்ளுகின்றன. பாரிஸ் பெருநகரப் பகுதியில் 1971 முதல் பொதுப்போக்குவரத்துக்கென வேலையளிப்போரிடம், அவர்கள் வழங்கும் ஊதியத்தின் அடிப்படையில் தனி வரி வசூலிக்கப்படுகிறது. அது ஒரு முதலாளித்துவ நாடு. அங்கே இயலுவது இங்கே ஏன் பேசப்படுவதும் இல்லை?

ஊழியர்களின் கடமை

தோழர்களே, கோரிக்கைகள் தெளிவானவை. புதிய வண்டிகள் அனைத்திலும் கதவு, கட்டணத்தில் ஏற்றமில்லை. ஏ.சி. வண்டிக்காகச் சாதாரணச் சேவை ஒன்றும் குறைக்கப்படலாகாது. 15 பெட்டி வண்டிகளுக்கேற்ப நடைமேடைகளின் நீட்டிப்பு, போதிய நடைமேம்பாலங்கள், பெண்களுக்குக் கூடுதல் பெட்டிகள். பராமரிப்புப் பணிகளில் ஒப்பந்த முறைக்கு மாறாக நிரந்தர நியமனம். விரிவாக்கச் செலவுக்குப் பெருநிறுவனங்கள் மீதும் நில ஆதாயத்தின் மீதும் வரி.

இவற்றைத் துண்டறிக்கையில் அச்சிடுவதோடு வேலை முடிவதில்லை. மோட்டார்மேனும் டிராக்மேனும் ஒருபுறம், பயணிகள் மறுபுறம் என்று நிர்வாகம் பிரித்துவைக்கிறது. வண்டி தாமதமானால் பயணியின் கோபம் மோட்டார்மேன் மீது பாய்கிறது. ரயில்வே தொழிற்சங்கமும் பயணிகள் அமைப்பும் ஒரே மேடையில் நிற்கும் நாளில்தான் அந்தக் கோபம் உரிய இடத்தைச் சென்றடையும். கல்வா, திவா போன்ற நிலையங்களில் மாதர் அமைப்பும் வாலிபர் அமைப்பும் அக்கூட்டு மேடையின் முதல் கற்களை நாட்ட வேண்டும்.

1920இல் உள்நாட்டுப் போரின் இடிபாடுகளுக்கு நடுவே லெனின் நாடு தழுவிய மின்மயமாக்கல் திட்டத்தை முன்வைத்தபோது, மின்சாரத்தைத் தனியாகப் பேசவில்லை. உழைப்பாளிகளின் அதிகாரத்தோடு சேர்த்தே பேசினார். மும்பையின் நூறாண்டு அனுபவம் அதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. இந்திய ரயில்வேயின் அகலப்பாதைகள் ஏறத்தாழ முழுமையாக மின்மயமாகிவிட்டன. கம்பியில் 25,000 வோல்ட் பாய்கிறது. அதன் கீழே செல்லும் வண்டியின் படியில் ஓர் உழைப்பாளி இன்றும் ஒரு கையால் கம்பியைப் பற்றித் தொங்குகிறார். அவர் உள்ளே நிற்க இடம் கிடைக்கும் வரை இந்த மின்மயமாக்கல் பாதி வேலைதான். மீதிப் பாதி இயக்கத்தின் வேலை.