சிறு கூட்டமும் உபவருவாயும்

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



யூடியூபிலே சிறு கூட்டமொன்றைச் சேர்த்துக்கொண்டால், படிக்கும்போதே கைச்செலவுக்குப் பணம் தேடலாமென்று வாலிபர் பலர் எண்ணுகின்றனர். நாமும் அவ்வாறே எண்ணினோம். பல்கலைக்கழக நண்பர் இருவரோடு சேர்ந்து, ஒரேயொரு கைத்தொலைபேசியைக் கொண்டு, சென்ற ஆண்டு ஒரு சனலைத் தொடங்கினோம். பேராதனைப் பூந்தோட்டம், கண்டி வாவி, ஹந்தானை மலை யாவற்றையும் படம் பிடித்தோம். எமக்கு முன்னரே ஊரெல்லாம் அவற்றைப் பிடித்துவிட்டதென்பது பிறகுதான் புரிந்தது.

கணக்கைச் சற்றுக் கேளுங்கள். நீண்ட படங்களின் விளம்பரப் பணத்திற் பங்கு பெறுவதற்கு 1,000 சந்தாதாரரும், பன்னிரண்டு மாதத்துள் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டுமென்பது 2018 முதல் உள்ள விதி. ஒருவர் நான்கு நிமிடம் பார்ப்பாரெனின், 60,000 தடவை பார்க்கப்படல் வேண்டும்! அதன்பின்னும் வருவாயில் 55 வீதமே எமக்கு; அதுவும் 100 டொலர் சேரும்வரை கைக்கு வாராது. இலங்கையிலிருந்து பார்ப்போரால் வரும் விளம்பரக் காசு சொற்பம். கனடாவிலும் இங்கிலாந்திலும் உள்ளோர் பார்த்தாலோ கூடுதலாகக் கிடைக்கும்.

இங்கேதான் சோதனை பிறக்கின்றது. கடல் கடந்த தமிழர் மனமிளகிப் பார்ப்பது ஏழையின் கண்ணீரை அன்றோ? உதவி செய்கிறோமென்று வறிய குடும்பத்தவரை இழிவாகப் பேசிப் படமெடுத்த விவகாரத்தில், 2025 மார்ச்சிலே யாழ்ப்பாணத்தில் யூடியூபர் ஒருவர் கைதுசெய்யப்பட்டதை அறிவீர்கள். அவரைக் குறை கூற நாம் வரவில்லை. நாமும் ஏறக்குறைய அதையே செய்தோம்.

கண்டிக்கு மேலேயுள்ள தோட்டமொன்றில், மழை ஒழுகும் லயத்துக் காம்பிராவைப் படம் பிடித்தோம். முன்னூறு பேரைத் தாண்டாதிருந்த எமது சனலில் அதனை ஒரே வாரத்தில் 9,000 பேர் பார்த்தனர். அடுத்த மாதம் மீண்டும் அவ்வழியே சென்றபோது அவ்வீட்டு மூதாட்டி கேட்டார்: "தம்பி, எங்க கூரைய எல்லாருக்கும் காட்டுனீங்களே, தகரம் எப்ப வரும்?"

எம்மிடம் விடையில்லை. மூன்று நாள் எமக்குள்ளே வாக்குவாதம். அதுவரை சேர்ந்த நேரத்திற் பாதிக்கு மேல் அந்த ஒரு படத்தாலேயே வந்தது. அழித்தால் அந்த நேரமும் கணக்கினின்று போய்விடும். நண்பர் ஒருவர் எம்மோடு பேசாமலே இருந்தார். ஈற்றில் அழித்தோம்.

பணம் வந்தது எதிர்பாராத இடத்திலிருந்து. சாதாரணதரக் கணித வினாத்தாள்களைத் தமிழிலே விளக்கிச் சில படங்கள் போட்டிருந்தோம். பார்த்தவர் சிலரே, ஆயினும் கம்பளையிலும் நாவலப்பிட்டியிலுமிருந்து பெற்றோர் சிலர், "பிள்ளைக்கு வகுப்பு எடுப்பீர்களா?" என்று கேட்டனர். இன்று பதினொரு மாணவர், தலைக்கு மாதம் ஆயிரம் ரூபா. உண்மையான இரசிகர் ஆயிரம்பேர் இருந்தாற் கலைஞனுக்குப் பிழைப்பு உண்டென்று கெவின் கெல்லி என்னும் அமெரிக்கர் 2008இல் எழுதினார். எமக்குப் பதினொருவர் போதுமாயினர். மிஷன் பாடசாலையிலே தாலந்தைப் புதைத்தவன் கதையை எத்தனை முறை கேட்டோம்! கைத்தொலைபேசியே தாலந்தென்று எண்ணிக் கணிதத்தைப் புதைத்து வைத்திருந்தோம்.

முதல் மாதப் பணத்தில் அம்மூதாட்டிக்குத் தகரம் வாங்கிக் கொடுத்தோம். அதைப் படமெடுக்கவில்லை, ஆனால் இங்கே சொல்லிவிட்டோம், பெரியோர் பொறுத்தருள்க.

ஆறரை மணிக்கு இருபடிச் சமன்பாடு. பிள்ளைகள் காத்திருப்பர். வணக்கம்.